டிரான்ஸ்பார்மரில் தொடங்காத சீர்திருத்தம்

தெருமுனை டிரான்ஸ்பார்மரில் 100 கே.வி.ஏ. (அது தாங்கும் சுமையின் அளவு) என்று எழுதியிருந்தால், அது ஒரு பேஸுக்கு, அதாவது ஆர், ஒய், பி என்ற மூன்று மின்கம்பிகளில் ஒன்றுக்கு, 133 ஆம்பியர் வரை கொடுக்கும். 1,00,000-ஐ 433 வோல்ட்டாலும் 1.732-ஆலும் வகுத்தால் வருகிற எண் அது. கோடை இரவு பத்து மணிக்கு அங்கே கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆர் பேஸில் 180, ஒய் பேஸில் 90, பி பேஸில் 110 ஆம்பியர் ஓடுகிறது. அபூர்வமான நிலை இல்லை இது. மூன்றையும் கூட்டினால் 380. சமமாகப் பிரிந்திருந்தால் பேஸுக்கு 127 ஆம்பியர், டிரான்ஸ்பார்மர் தாங்கியிருக்கும். பிரியாததால் ஆர் பேஸ் பீஸ் போகிறது. மும்முனை இணைப்பு உள்ள வீடுகள் எல்லாம் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி ஒய் பேஸுக்குத் தாவுகின்றன. கொஞ்ச நேரத்தில் அதுவும் போகிறது.

புகாருக்கு வருகிற லைன்மேன் ஒற்றை ஆளாக இருபது இடங்களைப் பார்க்க வேண்டியவர். திரும்பத் திரும்ப அழைக்கிறார்களே என்று பீஸ் கம்பியை இரண்டு மூன்று இழை கூடுதலாகச் சுற்றிவிட்டால் அன்றிரவு கரண்ட் நிற்காது. அதன்பிறகு உருக வேண்டியது உருகாமல், சூடு காயிலுக்குப் போகும். சில வாரத்தில் எரிவது டிரான்ஸ்பார்மர். அப்போது தெருவுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ மின்சாரம் இருக்காது, பகிர்மானக் கழகத்துக்குப் பழுதுச் செலவு வேறு.

இதில் பணம் எங்கே போகிறது என்பதையும் அதே எண்களில் பார்க்கலாம். கம்பியில் வீணாகும் சக்தி ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 127 ஆம்பியர் வீதம் மூன்று பேஸிலும் ஓடினால் வர்க்கங்களின் கூட்டுத்தொகை சுமார் 48,000. 180, 90, 110 என்று ஓடினால் 52,600. இத்துடன், சமமின்மையால் மிஞ்சும் மின்னோட்டம் திரும்பும் கம்பியான நியூட்ரலில் 82 ஆம்பியர் ஓடும். அதன் வர்க்கம் 6,700. மொத்தம் 59,300. அதே அளவு மின்சாரத்தைக் கொடுப்பதற்கு 23 சதவீதம் கூடுதல் இழப்பு, அதுவும் நியூட்ரல் கம்பி மற்ற கம்பிகளின் பருமனிலேயே இருந்தால். மெல்லியதாக இருந்தால் இன்னும் மேலே. இதைச் சரிசெய்யப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதியான லைன் கிளியர் வாங்கி, டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயரழுத்தக் கம்பியைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்டுவிட்டு, ஆர் பேஸில் தொங்கும் சர்வீஸ் வயர்களில் சிலவற்றைக் கம்பம் கம்பமாக மற்ற இரண்டுக்கும் மாற்ற வேண்டும். ஒரு பகல் வேலை. ஏணி வைத்தவுடன் கைக்கு எட்டுகிற கம்பியிலேயே புது இணைப்புகளைக் கொடுத்துக்கொண்டே போனதுதான் சுமை ஒருபக்கமாகச் சாய்ந்ததற்குக் காரணம். கணக்கு வைத்திருந்தால் சாய்ந்திருக்காது.

பகிர்மானச் சீர்திருத்தம் என்றாலே தனியார்மயமா, கட்டண உயர்வா, ஸ்மார்ட் மீட்டரா என்று விவாதம் மேலிடத்திலேயே சுற்றிவருகிறது. 1957-ல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் மின் தொடரமைப்பு, உற்பத்தி-பகிர்மானம் என இரு நிறுவனங்களாகவும் தாய் நிறுவனமாகவும் ஆனது. 2024-ல் உற்பத்தி, பசுமை எரிசக்தி, பகிர்மானம் என்று மறுபடி பிரிந்தது. பிரித்ததில் தவறில்லை, எந்த வேலையில் எவ்வளவு செலவு என்பது தனித்தனியாகத் தெரியும். ஆனால் பகிர்மானத்தின் லாப நஷ்டம் தெருமுனையில் தீர்மானமாகிறது. அங்கே என்ன உள்ளே போனது, என்ன வெளியே வந்தது என்று அளக்காதவரை மேலே எத்தனை நிறுவனங்கள் இருந்தாலும் நிலைமை மாறாது.

பத்திரிகைகளில் அடிக்கடி வரும் ஏ.டி. அண்ட் சி. இழப்பு, அதாவது மொத்தத் தொழில்நுட்ப - வணிக இழப்பு, இப்படித்தான் வருகிறது: 100 யூனிட் வாங்கினார்கள், 85 யூனிட்டுக்கு பில் போட்டார்கள், போட்ட பில்லில் 95 சதவீதம் வசூலானது. 0.85-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 0.8075. இழப்பு 19.25 சதவீதம். நூறு யூனிட்டை வாங்கிக் கொண்டுவந்து கொடுக்க 800 ரூபாய் செலவாகி, சராசரியாக யூனிட்டுக்கு 8 ரூபாய் பில் போட்டால் கைக்கு வருவது 646. வாங்கிய ஒவ்வொரு யூனிட்டிலும் 1 ரூபாய் 54 காசு துண்டு விழும். கட்டணம் செலவுக்குச் சரியாக இருந்தும் இந்தத் துண்டு. 2021-ல் மத்திய அரசு தொடங்கிய 3,03,758 கோடி ரூபாய் ஆர்.டி.எஸ்.எஸ். என்ற பகிர்மானச் சீரமைப்புத் திட்டம், இந்த இழப்பை நாடு முழுவதும் 2024-25-க்குள் 12 முதல் 15 சதவீதத்துக்குக் கொண்டுவரவும், செலவுக்கும் வரவுக்கும் உள்ள இடைவெளியைப் பூஜ்யமாக்கவும் இலக்கு வைத்தது.

இந்தக் கணக்கில் பலவீனமான எண் அந்த 85-தான். ஏனென்றால் தமிழ்நாட்டில் அதற்குள் 23 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மோட்டார்கள் அடங்கியிருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. ஒழுங்குமுறை ஆணையமே அவற்றுக்குக் கட்டணத்தை ஆண்டுக்கு ஒரு ஹெச்.பி.க்கு இவ்வளவு என்றுதான் நிர்ணயிக்கிறது; அதை அரசு மானியமாகக் கொடுக்கிறது. அவை எத்தனை யூனிட் எடுத்தன என்பது மதிப்பீடு.

மதிப்பீட்டில் ஒரு சின்ன அசைவு என்ன செய்யும் என்று பாருங்கள். 5 ஹெச்.பி. மோட்டார், 80 சதவீதத் திறன் என்றால் 4.66 கிலோவாட் இழுக்கும். ஆண்டுக்கு 200 நாள் ஓடுகிறது என்று கொள்வோம். தினமும் 6 மணி நேரம் என்று எழுதினால் 5,592 யூனிட். 7 மணி நேரம் என்று எழுதினால் 6,524. வித்தியாசம் 932 யூனிட். எல்லா மோட்டாரும் இதே அளவு என்று வைத்து 23 லட்சத்தால் பெருக்கினால் 214 கோடி யூனிட். யூனிட் 6 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட 1,286 கோடி ரூபாய். அந்த ஒரு மணி நேரத்தை உண்மையிலேயே மோட்டார் ஓடியதாகவும் காட்டலாம். ஓடாமல், திருட்டிலும் பழுதான மீட்டரிலும் போனதை அதற்குள் போட்டும் மூடலாம். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விவசாயி இழுக்காத யூனிட்டும் அவர் பெயரிலேயே ஏறுகிறது. இலவச மின்சாரத்தால்தான் வாரியம் நஷ்டப்படுகிறது என்ற பழியும் அவர் தலையிலேயே விழுகிறது. இதுதான் எனக்குப் பொறுக்க முடியாத இடம்.

அப்படியானால் மோட்டாருக்கு மீட்டர் வைக்கலாமே என்று நகரத்தில் இருப்பவர்கள் எளிதாகச் சொல்வார்கள். 1970 ஜூனில் பெருமாநல்லூரில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் மூவர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை வட்டாரத்தில் எழுந்த அந்தப் போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. மீட்டர் வந்தால் பின்னாலேயே பில் வரும் என்ற பயம் ஆதாரமில்லாத பயம் இல்லை. அதைக் கிளறாமலே அளக்க வழி இருக்கிறது. தோட்டத்துக்குள் போகாமல் டிரான்ஸ்பார்மரில் மீட்டர் வையுங்கள். பத்துப் பதினைந்து மோட்டார்கள் தொங்கும் ஒரு டிரான்ஸ்பார்மர் மாதம் எத்தனை யூனிட் கொடுத்தது என்று தெரிந்தால் அந்த ஊரின் பாசனக் கணக்கு தெரிந்துவிடும். எந்த விவசாயிக்கும் தனியாக ஒரு எண் ஒட்டாது. குஜராத் 2003-லிருந்து ஜோதிகிராம் திட்டத்தில் விவசாய பீடரை (துணை மின்நிலையத்திலிருந்து பல டிரான்ஸ்பார்மர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் உயரழுத்தத் தடத்தை) ஊர் பீடரிலிருந்து பிரித்தது. அதனால் ஊருக்கு நாள் முழுவதும் மின்சாரமும் வயலுக்கு எட்டு மணி நேர மும்முனையும் கிடைத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. பீடர் பிரிந்ததால் பாசனத்துக்குப் போன யூனிட்டைத் தனியாக அளக்க முடிந்ததும் அதே அளவு முக்கியம்.

சரி, ஒரு டிரான்ஸ்பார்மரின் கணக்கை எடுப்பது எப்படி? சொல்ல எளிது, செய்யும்போது நான்கைந்து இடத்தில் சறுக்கும்.

முதலில் எந்த இணைப்பு எந்த டிரான்ஸ்பார்மரில் தொங்குகிறது என்ற பட்டியல் வேண்டும். பிரிவு அலுவலகத்தில் பட்டியல் இருக்கும். ஆனால் சுமை கூடியதென்று மூன்று வருடத்துக்கு முன் பக்கத்தில் ஒரு புது டிரான்ஸ்பார்மர் நிறுத்தியிருப்பார்கள், பாதித் தெரு அதற்கு மாறியிருக்கும், பட்டியல் மட்டும் மாறியிருக்காது. எனவே டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்தக் கம்பியைப் பிடித்தபடி கடைசிக் கம்பம் வரை நடந்தே ஆக வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் டிரான்ஸ்பார்மர் பெயரும் கம்ப எண்ணும் பெயிண்டில் எழுதி, அதில் இறங்கும் வீடுகளின் இணைப்பு எண்ணைக் குறிக்க வேண்டும். நெருக்கமான தெருக்களில் ஒரே கம்பத்தில் இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் கம்பிகள் வந்து நிற்கும். அங்கே கம்பி எந்த இடத்தில் வெட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் மொத்தக் கணக்கும் வீண்.

அடுத்தது மீட்டர். சி.டி. என்பது கம்பியில் ஓடும் ஆம்பியரை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் கருவி. 100 கே.வி.ஏ.க்கு 200-க்கு 5 விகித சி.டி. போட்டால், மீட்டர் காட்டுவதைப் பெருக்க வேண்டிய எண் 40. சி.டி.யை 150-க்கு 5 என்று நினைத்து ஏட்டில் 30 எழுதிவிட்டால் டிரான்ஸ்பார்மர் கொடுத்ததில் கால்வாசி காணாமல் போகும். வெளியே வந்தது உள்ளே போனதைவிட அதிகம் என்று கணக்கு காட்டும். மூன்று சி.டி.யில் ஒன்றைத் தலைகீழாக இணைத்தால், சுமை சமமாக இருக்கும்போது மீட்டர் உண்மையில் மூன்றில் ஒரு பங்குதான் ஓடும். ஒரு பேஸின் வோல்டேஜ் கம்பி கழன்றிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு. இழப்பு மைனஸில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள், இந்த மூன்றில் எது என்று பாருங்கள்.

மூன்றாவது, தேதி. வீட்டுக் கணக்கீடு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கணக்கீட்டாளர் அந்தத் தெருவுக்கு 4-ஆம் தேதி போகிறார், டிரான்ஸ்பார்மர் மீட்டரை 1-ஆம் தேதி எடுக்கிறார்கள் என்றால் மே மாதச் சூட்டில் அந்த மூன்று நாள் வித்தியாசமே கணக்கைக் குலைக்கப் போதும். கணக்கீட்டாளர் போகும் அதே நாளில் டிரான்ஸ்பார்மர் மீட்டரையும் எடுக்க வேண்டும். கூரையில் சோலார் வைத்த வீடுகள் பகலில் கம்பிக்குள் அனுப்பும் யூனிட்டையும் உள்ளே வந்த கணக்கில் கூட்ட வேண்டும். இதையே பீடர் அளவில் செய்யும்போது இன்னொரு வம்பு உண்டு: பராமரிப்பு நாளில் பாதி ஊரை வேறு பீடருக்கு மாற்றிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு மாற்றினார்கள், எப்போது திருப்பினார்கள் என்ற குறிப்பு துணை மின்நிலையப் பதிவேட்டில் இருந்து வந்தால்தான் கணக்கு நேராகும். 2021-லிருந்து எரிசக்திச் சிக்கன அமைப்பின் விதிகள் பகிர்மான நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மின்கணக்கும் ஆண்டுக்கு ஒருமுறை வெளித் தணிக்கையும் செய்ய வேண்டும் என்கின்றன. கீழே இந்த வேலை நடக்காவிட்டால் மேலே தணிக்கை செய்வது மதிப்பீட்டைத்தான்.

கணக்கு சரியாக வந்தபின் எண் பேசும். நெருக்கமான நகரத் தெருவில் தாழ்வழுத்த இழப்பு 3, 4 சதவீதம் இருக்கலாம். நீண்டு கிடக்கும் கிராமத்துக் கம்பியில் 8, 9 கூட இயல்பு. 15-ஐத் தாண்டினால் தேட வேண்டும். முதலில் தேட வேண்டியது திருட்டை இல்லை. நின்றுபோன, மெதுவாக ஓடுகிற மீட்டர்களை. பழுதான மீட்டருக்குப் பழைய மாதங்களின் சராசரியைப் போட்டுக்கொண்டே போவார்கள். அந்த வீட்டில் இதற்கிடையே இரண்டு ஏ.சி. வந்திருக்கும். அதற்குப் பிறகு மீட்டரில்லாத தெருவிளக்கு. அதற்கும் பிறகு, வீட்டு இணைப்பில் ஓடும் கடை. மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு இதற்கு உரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விதிக்கச் சொல்கிறது. கொக்கி போடுவது 135-ஆம் பிரிவுக் குற்றம். திறந்த கம்பி இருக்கும்வரை கொக்கி வரும், உறையிட்ட கம்பிகளை ஒன்றாக முறுக்கிய ஏ.பி. கேபிளாக மாற்றினால் அந்தத் தெருவில் அது நின்றுவிடும். மரக்கிளை உரசிப் பீஸ் போவதும் கூடவே குறையும்.

தொழில்நுட்ப இழப்பு அதிகம் என்றால் மருந்து வேறு. 11,000 வோல்ட்டுக்கும் 433-க்கும் விகிதம் 25. அதே சக்தியை உயரழுத்தத்தில் கொண்டுபோனால் ஆம்பியர் 25-ல் ஒரு பங்கு. அதே கம்பியில் இழப்பு 600-ல் ஒரு பங்குக்கும் கீழே. ஊருக்கு ஒரு 100 கே.வி.ஏ. வைத்துத் தாழ்வழுத்தக் கம்பியை இரண்டு கிலோமீட்டர் இழுப்பதைவிட, உயரழுத்தக் கம்பியை உள்ளே கொண்டுபோய் 16, 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர்களைப் பரப்பி வைப்பது அதனால்தான். முதலீடு கூடும் என்பது உண்மை. சிறிய டிரான்ஸ்பார்மர்கள் சுமையே இல்லாதபோதும் கொஞ்சம் மின்சாரத்தைத் தின்னும் என்பதும் உண்மை. எனவே எல்லா ஊருக்கும் இதைப் போடக்கூடாது. கம்பி நீளமும் இழப்பு எண்ணும் பார்த்துப் போட வேண்டும்.

வால்பகுதியில் 230 வோல்ட் 190-க்கு இறங்குகிற இடங்களில் விவசாயிக்கு மோட்டார் காயில் போகிறது. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் ஆம்பியரை அதிகம் இழுக்கும், அதனால் வோல்டேஜ் இன்னும் இறங்கும். இதைக் கொஞ்சமாவது தணிக்க கெபாசிட்டர் உண்டு: 5 ஹெச்.பி.க்கு 2 கே.வி.ஏ.ஆர். (கெபாசிட்டரின் அளவு), 7.5-க்கு 3, 10-க்கு 4. 5 ஹெச்.பி. மோட்டாரின் பவர் பேக்டர் (இழுக்கும் மின்னோட்டத்தில் பயன்படும் வேலைக்குப் போகும் விகிதம்) 0.8-லிருந்து 0.95-க்கு ஏறினால் இழுக்கும் ஆம்பியர் 8.1-லிருந்து 6.8-க்கு இறங்கும், அந்த மோட்டாரால் கம்பியில் வரும் இழப்பில் 29 சதவீதம் மிச்சம். பொருத்தியபின் யாரும் திரும்பிப் பார்க்காததுதான் இதில் பிரச்சினை. ஒரு பேஸ் கெபாசிட்டர் உப்பிப்போனதும் விவசாயி கழற்றி எறிந்துவிடுவார். இரண்டாவது முறை இலவசமாகக் கொண்டுவந்து மாட்டுவதும் பகிர்மானக் கழகத்துக்கு லாபம்தான்.

எர்த்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் விட மனமில்லை. கோடையில் டிரான்ஸ்பார்மர் நியூட்ரலின் எர்த் குழி காய்ந்துபோய், நியூட்ரல் ஜம்பரும் (இணைப்புத் துண்டுக் கம்பியும்) அறுந்தால், சுமை குறைந்த பேஸில் உள்ள வீடுகளுக்கு 230-க்குப் பதில் 300, 350 வோல்ட் ஏறும். டி.வி.யும் பிரிட்ஜும் ஒரே நிமிடத்தில் போகும். குழியில் உப்பும் கரியும் போட்டு, மார்ச் முதல் மழை வரும்வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் இரு உலோகத்துக்கும் பொருந்தும் பைமெட்டாலிக் கிளாம்ப் போட்டால் ஜம்பர் சூடேறாது. டிரான்ஸ்பார்மருக்குள் போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பிரீதரில் சிலிகா ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் எண்ணெய்க்குள் ஈரம் போகிறது என்று அர்த்தம். இவற்றையெல்லாம் பார்க்க ஆள் வேண்டும். களப்பணியாளர் இடங்களைக் காலியாக வைத்து மிச்சம் பிடிக்கும் சம்பளம், எரிந்த டிரான்ஸ்பார்மர்களாகத் திரும்பி வருகிறது. ஓய்வில்லாமல் ஓடும் ஒரு லைன்மேன் எர்த் ராடு போடாமல் கம்பம் ஏறும் நாளில், யாரோ வீட்டு ஜெனரேட்டரிலிருந்து திரும்பி வரும் கரண்டில் உயிரும் போகிறது. அதற்கு எந்தப் பேரேட்டிலும் ஈடு கிடையாது.

இனி மேலிடத்துப் பணம். தமிழ்நாட்டில் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை கட்டணம் உயரவில்லை. நிலக்கரியும் சம்பளமும் வட்டியும் உயர்ந்தன. 2017 ஜனவரியில், பகிர்மான நிறுவனங்களின் கடனை மாநில அரசுகள் ஏற்கும் உதய் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் சேர்ந்தபோது மாநில அரசு 22,815 கோடி ரூபாய்க் கடனை ஏற்றது. வரவுக்கும் செலவுக்கும் நடுவிலிருந்த ஓட்டை அடைபடாததால் கடன் மறுபடி வளர்ந்தது. எட்டு வருடத்தை ஒரே நாளில் ஈடுகட்டப் போனால் அடி பலமாகத்தான் விழும். இப்போது விலைவாசிக் குறியீட்டைப் பொறுத்து, உச்சவரம்போடு, ஜூலை தோறும் கட்டணம் கொஞ்சமாக மாறுவதே நல்லது. அரசு மக்களுக்காக அந்தச் சுமையை ஏற்க விரும்பினால் ஏற்கட்டும். 100 யூனிட் இலவசமும் விசைத்தறிச் சலுகையும் அரசின் உரிமை. மின்சாரச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு ஒன்றைத்தான் கேட்கிறது: மானியத்தை முன்கூட்டியே கொடுங்கள். தாமதமானால் கழகம் கடன் வாங்கும். அந்த வட்டி அடுத்த வருடக் கட்டணத்தில் ஏறும்.

கீழே எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் கட்டணத்தை உரிய காலத்தில் மாற்றுவதைத் தவிர்க்க முடியாது என்பதற்கு டெல்லியே சான்று. 2002 ஜூலையில் தனியாரிடம் போனபோது வடக்கு டெல்லியில் இழப்பு 53 சதவீதம். மீட்டர் மாற்றம், உயரழுத்தப் பகிர்மானம், இடைவிடாத தணிக்கை ஆகியவற்றால் அது ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. ஆனால் ஆணையம் கட்டணத்தை உயர்த்தாமல் பின்னால் பார்க்கலாம் என்று ஏட்டில் தள்ளிவைத்த தொகை, டெல்லியின் மூன்று தனியார் பகிர்மான நிறுவனங்களுக்கும் சேர்த்து 27,000 கோடியைத் தாண்டியது. அதை ஏழு ஆண்டுகளுக்குள் தீர்க்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தள்ளிவைத்த பணத்தை வட்டியோடு கட்டப்போவது அதே நுகர்வோர்தான்.

கட்டண அடுக்கிலும் திருத்த வேண்டியது ஒன்று உண்டு. 2022 செப்டம்பர் அட்டவணைப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 501 என்றால் 1,958. ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். நாளுக்கு 8 யூனிட் எடுக்கும் வீட்டில் 60-ஆம் நாள் கணக்கெடுத்தால் 480 யூனிட், 1,605 ரூபாய். கணக்கீட்டாளர் ஐந்து நாள் பிந்தி வந்து, அந்த ஐந்து நாளைக் கழித்துப் போடாவிட்டால் 520 யூனிட், 2,110 ரூபாய். 40 யூனிட்டுக்கு 505 ரூபாய். இந்தப் பள்ளத்துக்குப் பயந்துதான் ஒரே வீட்டுக்கு இரண்டு இணைப்பு வாங்குகிறார்கள். அடுக்கு மாறும்போது முந்தைய அடுக்கின் சலுகை பறிபோகாதபடி அமைத்தாலே இது தீரும்.

ஸ்மார்ட் மீட்டருக்கு மக்களிடம் நல்ல பெயர் வாங்கித் தரக்கூடியதும் இந்தத் தேதிதான்: 60-ஆம் நாள் நள்ளிரவில் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் கணக்கு. ஆனால் அதை வீட்டிலிருந்து தொடங்குவது தவறான வரிசை. முதலில் பீடர், அடுத்து டிரான்ஸ்பார்மர், பிறகு பெரிய வணிக இணைப்புகள், அதன்பின் அரசு அலுவலகங்களும் உள்ளாட்சிகளின் குடிநீர் மோட்டார்களும் தெருவிளக்குகளும். முன்பணம் கட்டும் மீட்டரை அங்கே வைத்தால் பாக்கி சேர வழியில்லை. வீடுகளுக்கு வருவதற்குள் எந்த மீட்டர் எந்த டிரான்ஸ்பார்மரில் தொங்குகிறது என்ற பட்டியல் சரியாகியிருக்கும். பட்டியல் இல்லாமல் வைத்தால் கால் மணிக்கு ஒருமுறை வருகிற வாசிப்பை எதனோடும் ஒப்பிட முடியாது.

மின்தடை நேரத்தையும் பீடர் அளவில் மட்டும் எடுப்பதை விட்டு, டிரான்ஸ்பார்மர் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஆர் பேஸ் பீஸ் போய்த் தெரு இருட்டில் கிடந்த ஆறு மணி நேரம் எந்தக் குறியீட்டிலும் வராது. பீடர் ஓடிக்கொண்டுதானே இருந்தது. டிரான்ஸ்பார்மர் மீட்டர் இருந்தால் மூன்று பேஸின் ஆம்பியரும், நின்ற நேரமும், கொடுத்த யூனிட்டும் அதிலேயே பதிவாகும். அந்த மூன்றையும் பில் போட்ட யூனிட்டோடு சேர்த்து, மாதம் ஒருமுறை பிரிவு அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் டிரான்ஸ்பார்மர் வாரியாக ஒட்டலாம். அச்சடிக்க நான்கு தாள் போதும்.